சொத்து வழக்கில் முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போட்ட மேல்முறையீட்டு மனு திரும்பி வந்துவிட்டது. அப்படி நேராகப் போகலாமா?

போக முடியாது, உங்கள் மேல்முறையீட்டு மனு திரும்பி வந்ததற்குக் காரணமே அதுதான். மாவட்ட முன்சீப் தீர்ப்புக்கு முதல் மேல்முறையீடு சார்பு நீதிமன்றத்தில் (சப் கோர்ட்), சில ஊர்களில் மாவட்ட நீதிமன்றத்தில். அங்கேயும் தோற்றால்தான் உயர் நீதிமன்றம், அதுவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவில், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும்.

ரிட் மனு (அரசு, அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்துப் போடுவது) நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போவதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அது வேறு வழி, சொத்து வழக்குத் தீர்ப்புக்கு ஒத்துவராது.

இப்போது பார்க்க வேண்டியது நாள் கணக்கு. முதல் மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாணை (தீர்ப்பின்படி நீதிமன்றம் பிறப்பிக்கும் டிக்ரி) தேதியிலிருந்து 30 நாள்தான், 90 நாள் என்பது உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு. ஆனால் சான்றிட்ட நகல் கேட்டு மனு போட்டதிலிருந்து அது தயாராகும் வரை ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அந்தத் தேதிகள் நகலிலேயே குறித்திருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கெடு தாண்டியிருந்தால் காலவரையறைச் சட்டம் 5-வது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட வேண்டும். தவறான நீதிமன்றத்தில் கழிந்த நாட்களைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் ஏற்பது நீதிபதி கையில். அதனால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள், அப்புறம் அந்த ஒரு வாரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.