வித்தியாசம் முழுவதையும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கோல்ஃபில் என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறன் கூடுதல்) 8.0, நண்பருடையது 20.0. நாங்கள் இருவரும் மேட்ச் பிளே (ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக வெல்லும் ஆட்டம்) ஆடும்போது வித்தியாசம் முழுவதையும் அவருக்குச் சலுகை அடிகளாக, அதாவது அவருடைய எண்ணிக்கையில் கழியும் அடிகளாக, கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பாடுபட்டுத் தேறியவனுக்கு இது தண்டனை அல்லவா? முன்பு பிரிட்டனில் இருந்ததுபோல முக்கால் பங்கு போதாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. முழுவதையும் கொடுத்த பிறகும் ஆட்டம் சற்று உங்கள் பக்கமே சாய்ந்திருக்கும். ஹேண்டிகேப் என்பது ஒருவருடைய அன்றாட ஆட்டத்தின் அளவு அன்று. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறது. உங்களைப் போல் சீராக ஆடுபவரின் நல்ல நாளுக்கும் சாதாரண நாளுக்கும் இடைவெளி குறைவு. உங்கள் நண்பருக்கோ அது அதிகம். ஆகவே சாதாரண நாளில் அவர் தம் ஹேண்டிகேப்பிலிருந்து உங்களைவிட அதிகமாகவே பின்தங்குவார். ஒரு குழியில் அவர் ஒன்பது அடி அடித்தாலும் அந்த ஒரு குழியை மட்டுமே இழக்கிறார் என்பதால், அந்தக் குறையில் ஒரு பகுதியை மேட்ச் பிளே ஈடுசெய்கிறது, முழுவதையும் அன்று. இதில் முக்கால் பங்கு மட்டும் கொடுத்தால், ஏற்கெனவே முன்னால் நிற்பவரை இன்னும் முன்னால் தள்ளியதாகும்.

பலர் கலந்துகொள்ளும், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஹேண்டிகேப் அதிகமுள்ள பலரில் யாரோ ஒருவருக்கு அன்று அபாரமான நாளாக அமைந்துவிடும்; அதற்காகத்தான் அந்தப் பிடித்தம். இருவர் இருவராக ஆடும் ஃபோர்பால் மேட்ச் பிளேயில் ஒருவர் சொதப்பும் குழியைக் கூட்டாளி காப்பாற்றிவிடுவதால் 90 சதவீதம். தனியாட்டத்தில் இந்த இரண்டு காரணங்களுமே இல்லை, எனவே 100.

இன்னொன்று, உங்களுக்கு இனிக்காது: நீங்கள் கொடுக்க வேண்டியது 12 அடிகள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இண்டெக்ஸை மைதானத்தின் ஸ்லோப் மதிப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, நடுத்தர ஸ்லோப்பான 113-ஆல் வகுத்த பிறகே கழிக்க வேண்டும். ஸ்லோப் 130 உள்ள மைதானத்தில், கோர்ஸ் ரேட்டிங்கும் (ஹேண்டிகேப் பூஜ்யமான ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகள்) பாரும் (மைதானத்துக்கு வகுத்த அடிகள்) சமமாக இருந்தால், நீங்கள் 9, அவர் 23, வித்தியாசம் 14. நீங்கள் சலுகையின்றி ஆட, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (சலுகை அடிகள் எந்தெந்தக் குழிகளுக்கு முதலில் சேரும் என்ற வரிசை எண்) 1 முதல் 14 வரையுள்ள குழிகளில் அவருக்கு ஓர் அடி கழியும்.

வேண்டுமென்றே மோசமான ஸ்கோர்களை மட்டும் பதிவு செய்து ஹேண்டிகேப்பை ஊதிப் பெருக்குபவர் எதிரே நின்றால் உங்கள் வருத்தம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து சலுகையைக் குறைப்பதன்று, அவருடைய பதிவுகளைக் கிளப்பின் ஹேண்டிகேப் குழு ஆராய்வதுதான். ஆட்டத்துக்குப் புதியவரைக் குறித்து அவ்வளவு அஞ்ச வேண்டாம்: மூன்றே ஸ்கோர்கள் பதிவாகியிருந்தால், அவற்றில் மிகச் சிறந்ததிலிருந்து மேலும் 2.0 கழித்தே இண்டெக்ஸ் வழங்கப்படுகிறது.