அட்டை ஒன்று, கட்டணம் இரண்டு: எந்த ஸ்கூபா கோர்ஸில் சேரலாம்?

கேள்வி: ஜனவரியில் நானும் மனைவியும் அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். அங்கே ஸ்கூபா கற்றுச் சான்றிதழும் வாங்க ஆசை. ஒரு டைவ் சென்டர் நான்கு நாள் என்கிறது. இன்னொன்று இரண்டே நாள் என்கிறது, கட்டணமும் குறைவு. இரண்டிலுமே பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் அட்டைதானாம். அப்புறம் எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்? மனைவிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, அதனால் சிக்கல் வருமா? - சென்னை வாசகர்

பதில்: அட்டை ஒன்றுதான். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் பாடி இல்லை, அன்றைக்கு உங்களுக்கு வாய்க்கிற இன்ஸ்ட்ரக்டர். உங்கள் பணம் அவருடைய நேரத்துக்குத்தான்.

ஓப்பன் வாட்டர் கோர்ஸில் நீச்சல் குளத்திலோ அதுபோல அமைதியான நீரிலோ ஐந்து பயிற்சிகள், அதன்பின் கடலில் நான்கு டைவ் உண்டு. ஒரு நாளில் மூன்று கடல் டைவுக்கு மேல் கூடாது என்பது பாடி விதி. ஆக, கடலுக்கே இரண்டு நாள் வேண்டும். பாடத்தை வீட்டிலேயே ஆன்லைனில் படித்துவிட்டுப் போனாலும், அந்த ஐந்து பயிற்சிகளை எங்கே நுழைப்பார்கள்? முதல் நாள் காலையிலேயே அவசரமாக முடித்தால்தான் உண்டு. அல்லது அவர்கள் விற்பது ‘ஸ்கூபா டைவர்’ என்ற சின்னச் சான்றிதழாக இருக்கலாம். அதில் கடல் டைவ் இரண்டுதான். 12 மீட்டர் வரைதான் இறங்கலாம், அதுவும் ஒரு தொழில்முறை டைவரோடு. ஓப்பன் வாட்டர் என்றால் 18 மீட்டர். ரசீதில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் கற்றபோதும் அவசரக் கோர்ஸ்தான். நீருக்கடியில் மாஸ்க்கை முழுதாகக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். எனக்கு வரவில்லை. “பரவாயில்லை, பழகிவிடும்” என்று இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வருடம் வேறு ஊரில் ஒருவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு பட்டு மாஸ்க் கழன்றபோது, மூக்கில் தண்ணீர் ஏறி, மேலே பாய்ந்துவிடப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

அதனால் போனில் விசாரிக்கும்போது இதைக் கேளுங்கள்: “ஒரு பயிற்சி வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கூடுதல் நாளுக்குக் கட்டணம் உண்டா?” தயங்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கடலில் எட்டுப் பேர் வரை விதி அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால் நாலே அதிகம். “நீச்சல் தெரியாவிட்டாலும் சான்றிதழ் தருகிறோம்” என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். நீச்சலே தேவையில்லை என்பது, இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து அழைத்துப் போகும் ஒரு நாள் அனுபவ டைவுக்குத்தான் பொருந்தும். அதற்குச் சான்றிதழ் கிடையாது.

பாடியா, அதுபோன்ற இன்னொரு பயிற்சி நிறுவனமான எஸ்எஸ்ஐயா (SSI) என்று குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டவை.

வீசிங் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பத்து மீட்டர் ஆழத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டு நுரையீரலில் காற்று சிக்கினால், மேலே வருவதற்குள் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரலே கிழியலாம். பாடியின் மருத்துவப் படிவத்தை இப்போதே இறக்கிக்கொண்டு, சென்னையிலேயே நுரையீரல் மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தீவில் போய் மருத்துவரைத் தேடினால் விடுமுறை அதிலேயே போய்விடும். மருத்துவர் வேண்டாம் என்றால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைசி டைவுக்கும் போர்ட் பிளேர் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள். “மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள் சார்” என்று யாராவது சொன்னால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே சேர வேண்டாம்.