கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கலாமா? சான் ஹோசேயில் இருக்கும் ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா. உங்கள் மகள் கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்த யூசி (கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வளாகங்கள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தந்திருக்கிறது, ஆனால் அதன் செலவு உங்களுக்குத் தாங்காது. கூபர்டினோவில் உள்ள டி ஆன்சா என்ற கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்து யூசிக்கு மாறுகிறேன் என்று அவளே சொல்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் எழுதியதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரட்டும். கடன் வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்ப வேண்டாம்.

பணக் கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர் (யூனிட் என்பது பாடத்தின் அளவு). டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடச் சிறிய பருவங்கள்) என்பதால் யூனிட்டுக்கு 31. யூசியில் மூன்றாம் ஆண்டில் நுழைய 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். பெருக்கினால் 2,790 டாலர், அதுவும் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து. யூசியில் ஒரே ஆண்டின் கல்விக் கட்டணம் மட்டும் சுமார் 15,000. தங்கும் செலவும் சாப்பாடும் தனி. கடைசியில் கைக்கு வரும் பட்டச் சான்றிதழில் யூசியின் பெயர்தான் இருக்கும்.

அவள் அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இது தோற்றவர்களுக்காகத் திறந்துவிட்ட பின்வாசல் இல்லை. 1960இல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி இருக்கிறது. ஊரில் சித்தப்பாவும் அத்தையும் "எந்த காலேஜ்?" என்று கேட்பார்கள், அது எனக்கும் தெரியும். "டி ஆன்சாவில் படிக்கிறாள், அடுத்து யூசி" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். நீங்கள் தயங்கினால் அவளும் தயங்குவாள். பதினெட்டு வயதில் அந்தத் தயக்கம் படிப்பையே பாதிக்கும்.

சரி, இனி எச்சரிக்கை. இந்த வழியில் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்வதில்லை. மாறிப்போகும் எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்த மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் நான்கு ஆண்டுக்குள் மாறியிருக்கிறார் என்று மாநிலத் தணிக்கைத் துறை 2024இல் சொன்னது. இதற்குக் காரணங்கள் பல: வேலை, குடும்பச் சூழல், பணம். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது, முதல் ஆண்டில் பாடங்களை ஏனோதானோவென்று எடுத்துவிடுவது. "இரண்டு வருஷம் இருக்கே, மெதுவா பார்த்துக்கலாம்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் இரண்டு வருஷம் இல்லை. இலையுதிர் காலத்தில் யூசிக்குப் போக வேண்டுமென்றால், விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே போய்விட வேண்டும். அப்போது அவள் இரண்டாம் ஆண்டின் முதல் குவார்ட்டரில் இருப்பாள். கையில் இருப்பது முதல் ஆண்டு மதிப்பெண்ணும், கோடையில் ஏதாவது எடுத்திருந்தால் அதுவும்தான். முடிவு பெரும்பாலும் முதல் ஆண்டைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

கணினி அறிவியலுக்குக் கணக்குதான் முதுகெலும்பு. டி ஆன்சாவில் கால்குலஸ் மட்டும் நான்கு குவார்ட்டர் ஓடும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் எல்லாம் அதற்கப்புறம். இயற்பியலுக்கும் கால்குலஸ் கூடவே வேண்டும். செப்டம்பரில் முதல் கால்குலஸில் உட்கார்ந்தால், விண்ணப்பம் அனுப்பும்போது மூன்று முடிந்து நான்காவது நடந்துகொண்டிருக்கும். ப்ரீகால்குலஸில் தொடங்கினால் எல்லாம் தள்ளிப்போகும், அவசரமாகக் கோடையில் இட்டு நிரப்ப வேண்டிவரும். பள்ளியில் ஏபி கால்குலஸ் (கல்லூரி நிலைத் தேர்வு) எழுதியிருக்கிறாள் என்கிறீர்களே, அந்த மதிப்பெண்ணைப் பாடப் பதிவுக்கு முன்னாலேயே கல்லூரிக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். முதல் கால்குலஸைத் தாண்டிவிட முடிந்தால் பெரிய நிம்மதி. ஆனால் அடிப்படை தளர்ந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றினால் அவசரப்பட வேண்டாம். அடுத்த பாடத்தில் சி வாங்குவதைவிட இதில் நின்று நன்றாகச் செய்வது மேல்.

எந்தக் கல்லூரிப் பாடம் எந்த யூசி பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற அரசு இணையதளம் சொல்லும். டி ஆன்சா, போக விரும்பும் வளாகம், படிப்பு, இந்த மூன்றையும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். குறைந்தது மூன்று வளாகங்களுக்குப் பட்டியல் எடுத்து, பொதுவாக இருக்கும் பாடங்களை முதலில் முடிக்கட்டும். பொதுக்கல்விப் பாடங்கள் எளிது என்று அவற்றையே முதலில் எடுத்துத் தள்ளினால், யூனிட் நிறையும், கணினிப் படிப்புக்கான தகுதி வராது.

யூசியில் இடத்துக்கு உத்தரவாதம் தரும் டேக் என்னும் ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. ஒன்றுக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாதத்தில். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ தருவதில்லை. இன்னொரு முக்கியமான விஷயம், கணினி அறிவியலையும் பொறியியலையும் சில வளாகங்கள் இதிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. பட்டியல் ஆண்டுதோறும் மாறும், அந்த ஆண்டுக்கானதைப் பாருங்கள். கால் ஸ்டேட் எனப்படும் மாநிலத்தின் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களையும் ஒதுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கின் நிறுவனங்களுக்கு எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள்.

இந்த வழியில் இழப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதலாண்டில் சேர்பவர்களுக்குத் தரும் பெரிய உதவித்தொகைகள் பல, இடையில் வருபவர்களுக்குக் கிடைக்காது. மூன்றாம் ஆண்டில் போய் இறங்கும்போது மற்றவர்கள் நட்பு வட்டம் அமைத்திருப்பார்கள். இன்டர்ன்ஷிப் தேடலும் அந்த இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும், மூச்சுவிட நேரம் இருக்காது. டி ஆன்சாவில் இருக்கும்போதே ஒரு கிளப்பில் சேரட்டும், சின்னதாக ஏதாவது ப்ராஜெக்ட் செய்து வைத்துக்கொள்ளட்டும்.

மகள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறாள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். எச்-4இல் இருப்பவர்களுக்கு ஃபெடரல் நிதியுதவி கிடையாது. 21 வயது ஆனதும் அந்த விசா முடிந்துவிடும். அது யூசியில் மூன்றாம் ஆண்டு நடுவில் வரக்கூடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேர்ந்தால் உள்மாநிலக் கட்டணச் சலுகை கைவிட்டுப் போகலாம். யூசியில் வெளிமாநிலத்தவர் செலுத்தும் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் மேல். உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அவள் வயது எப்படிக் கணக்கிடப்படும் என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள். டி ஆன்சாவின் சேர்க்கை அலுவலகத்தில் அவளை மாநிலவாசியாகப் பதிந்திருக்கிறார்களா என்பதையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டணக் கணக்கு முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

கல்லூரி ஆலோசகரைப் பார்க்க இப்போதே நேரம் வாங்கட்டும், ஆகஸ்டில் கிடைப்பது கஷ்டம். அசிஸ்ட் பட்டியல்களை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். பதிவு திறக்கும் நாளில் முதலில் கணக்கு வகுப்பு, அடுத்து ஆங்கிலம், அப்புறம்தான் மற்றவை. கணக்கு வகுப்புகள்தான் முதலில் நிரம்பும்.