பத்து தடவை சொன்னாலும் கேட்பதில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. 8.15-க்கு வேன் வந்துவிடும். சமையலறையிலிருந்தே, "பல் தேய், யூனிஃபார்ம் மாத்து, வாட்டர் பாட்டில் எடு, ஷூ போடு" என்று கத்துகிறேன். ஷூவோடு வந்து நிற்பான். பல் தேய்த்திருக்க மாட்டான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார் மாமியார். கணவர் எதிலும் தலையிடுவதில்லை. பத்து தடவை சொன்னால்தான் ஒரு வேலை நடக்கிறது. பொறுமை போய் ஒன்றிரண்டு அடி வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. இப்போதெல்லாம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கையை முகத்துக்கு நேரே தூக்குகிறான், அது வேறு பழக்கமாகிவிட்டது. நேற்றும் வேனை விட்டுவிட்டோம். இவனைச் சொல்பேச்சு கேட்க வைக்க என்ன வழி?

– ஒரு தாய்

அன்புச் சகோதரி,

வேனும் ஷூவும் மாமியாரும் பிறகு. "அது வேறு பழக்கமாகிவிட்டது" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அந்தக் கையைப் பற்றித்தான் பேச வேண்டும். தன் பேரைக் கேட்டால் அடுத்து அடி விழும் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். உங்கள் குரலை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிற பிள்ளையைத்தான் கேட்பதில்லை என்கிறீர்கள். பயந்த பிள்ளையின் கவனமெல்லாம் அம்மாவின் கையிலும் முகத்திலும் இருக்கும். சொன்ன வேலை மனதில் ஏறாது.

உங்கள் காலை நேரத்து அவதி புரிகிறது. இதில் மட்டும் உங்கள் பக்கம் பேச என்னால் முடியாது. அடியை இன்றே நிறுத்துங்கள். அதை அவனிடமும் சொல்லுங்கள்: "அம்மா அடிச்சது தப்பு, இனிமே அடிக்க மாட்டேன்." மறுநாளே கை இறங்கிவிடாது. "நான் என்ன அடிக்கவா வர்றேன்?" என்று அதட்டினால் இன்னும் உயரும். தினமும் ஏழெட்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த வேலையும் ஏவாமல், தலையைக் கோதிவிட்டு அனுப்புங்கள்.

ஷூவோடு வந்தவன் நீங்கள் கடைசியாகச் சொன்னதைச் செய்திருக்கிறான், கவனித்தீர்களா? நான்கு வேலையை ஒரே மூச்சில் சொன்னால் இந்த வயதில் பெரும்பாலும் முதலிலோ கடைசியிலோ சொன்னதுதான் தங்கும். மிக்ஸியை நிறுத்திவிட்டு அருகே போங்கள். அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து ஒரே வேலையைச் சொல்லுங்கள்: "பல் தேய்ச்சுட்டு வா." பிறகு மனதுக்குள் 5 வரை எண்ணுங்கள். காதில் விழுந்ததைப் பிள்ளை வேலையாக மாற்றிக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும். நடுவில் மறுபடி சொன்னால் அது கலைந்துவிடும். முடித்து வந்ததும், "சொன்ன உடனே தேய்ச்சுட்டியே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பாட்டிலும் ஷூவும் முந்தின இரவே வாசலுக்குப் போகட்டும்.

அவன் பார்க்காதபோது பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டும் திரும்பவில்லையென்றால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தங்கி, கேட்கும் திறன் குறைவதுண்டு.

அடிக்காமல் இருக்க முடியவில்லையென்றால் ஆலோசனைக்கு வாருங்கள். முதல் நாள் நீங்கள் மட்டும் வந்தால் போதும்.