வாயசைக்க வைக்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2020 ஊரடங்கு நேரம் 'ஃபாண்டம் ஆஃப் த ஒபேரா' என்ற மியூசிக்கலின் (பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகம்) லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடைப் பதிவை யூடியூபில் இரண்டு நாளைக்கு இலவசமாக விட்டார்கள். சும்மா பார்க்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து அந்தப் பழக்கம் விடவில்லை. கொப்பி திருத்தி முடித்து, அம்மா தூங்கிய பிறகு, இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மியூசிக்கலில் கொஞ்சமாவது பார்ப்பேன். போன வருடம் அப்பா தவறினார். செத்தவீட்டில் வராத அழுகை 'லே மிசரபிள்' கச்சேரியைப் பார்த்தபோது வந்தது. அப்படிப் பார்த்த அடுத்த நாள் மனம் லேசாக இருக்கும். நானும் ஏதாவது செய்ய வேண்டும் போலவும் இருக்கும்.

கூடப் படிப்பிக்கும் ஒருவர், "சனம் சம்பளத்துக்கு ரோட்டில நிக்குது, நீங்க வெள்ளைக்காரன் கூத்தப் பாத்து அழுறீங்க" என்றார். நான் செய்வது தப்பி ஓடுவதா? போனில் பார்ப்பதை நாடகம் பார்ப்பது என்று சொல்லலாமா? நம் மக்களைப் பற்றி இப்படி ஒன்றை நான் எழுதலாமா? நம்மிடம் இந்த மாதிரி எதுவும் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. வேறு எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு பட்டியலும் தாருங்கள். பரிசளிப்பு விழா வருவதால் பிள்ளைகளைச் சினிமாப் பாட்டுக்கு வாயசைத்து ஆடப் பழக்குவதிலேயே என் பொழுது போகிறது. அவர்களுக்குப் பாட வராது. எனக்கும் நேரம் இல்லாததால் நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலாகப் பதில் எழுதினால் போதும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள தங்கச்சி,

ஆறுதலாக எழுத முடியாது. விழா முடிந்த பிறகு இந்தப் பதில் வந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

முதலில் அப்பா. அவருக்காக அழுதீர்கள், நல்லது. செத்தவீட்டில் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே அழ நேரம்? கொட்டகை போடுகிறவனுக்குக் காசு கொடுக்க வேண்டும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், வெற்றிலைத் தட்டு காலியாகாமல் பார்க்க வேண்டும். எங்கேயோ ஒரு பாட்டில் அந்த அழுகை வந்ததென்றால் அது வர வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள், என்னிடமும்தான்.

அந்த ஆசிரியரை விடுங்கள். வெள்ளைக்காரன் கூத்து என்கிறவர், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிவைத்த தேயிலையைத்தானே தினமும் காலையில் சீனி போட்டுக் குடிக்கிறார்? சம்பளப் போராட்டத்தில் அவர் எத்தனை நாள் ரோட்டில் நின்றார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாகவே எனக்கும் இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமாவில் பாட்டுக்கா பஞ்சம்? பிறந்ததிலிருந்து கேட்கிறோம். அது தராத ஏதோ ஒன்றை இந்த மேடைப் பதிவுகள் தருகின்றன. அது என்ன?

நீங்கள் அழுதது 1995ஆம் ஆண்டுக் கச்சேரியைப் பார்த்து என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நாடகம் லண்டனில் மேடையேறிப் பத்து வருடம் நிறைந்ததற்கு ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடத்தியது. அதில் காட்சியமைப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வேஷம் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்து மைக்குக்கு முன்னால் நின்று பாடுகிறார்கள், பின்னால் இசைக்குழு இருக்கிறது. கொல்ம் வில்கின்சன் என்ற அயர்லாந்துக்காரர், தூங்குகிற ஒரு பொடியனைக் காப்பாற்றச் சொல்லிக் கடவுளிடம் கேட்கிறார். ஆள் நல்ல தாட்டியான உடம்பு. அந்த உடம்பிலிருந்து நூல் மாதிரி ஒரு மெல்லிய குரல் மேலே போகிறது. அடுத்த அடி எடுக்கும் முன் அவருடைய நெஞ்சைப் பாருங்கள். மூச்சை எங்கே இழுக்கிறார், எவ்வளவு இழுக்கிறார், அது அடி முடியும்வரை போதுமா என்று நமக்கே பதைக்கிறது. போதுகிறது. அந்த இடத்தில்தான் நமக்கு உடைகிறது என்பது என் கட்சி.

'ஹாமில்டன்' என்ற அமெரிக்க மியூசிக்கலைப் பார்த்திருப்பீர்கள். 2016 ஜூனில் நியூயோர்க்கின் ரிச்சர்ட் ரொட்ஜர்ஸ் அரங்கில் படம் பிடித்தது, 2020 ஜூலையில் வெளியே விட்டார்கள். அதில் இங்கிலாந்து ராஜாவாக வரும் ஜோனதன் க்ரோஃப் அசையாமல் நின்று பாடுவார். கமரா கிட்டே போகும்போது வாயிலிருந்து எச்சில் தெறிப்பது தெரியும், உதட்டுக்குக் கீழே வழிந்து பளபளக்கும். சினிமாவென்றால் 'கட்' சொல்லித் துடைத்துவிட்டிருப்பார்கள். இங்கே ராஜா துடைக்காமல் பாடி முடிக்கிறார். இவ்வளவு பெரிய அரங்கில், இத்தனை பேர் முன்னால், ஒரு மனுசன் தன் வாயால் இதைச் செய்கிறான் என்பதற்கு அந்த எச்சில்தான் அத்தாட்சி.

மைக் இருக்கிறதே, இரண்டு மூன்று நாள் எடுத்ததை ஒட்டித்தானே விடுகிறார்கள் என்று யாராவது வருவார்கள். இருக்கட்டும். மைக் குரலைப் பெரிதாக்கும், இல்லாத குரலை உண்டாக்காது.

நம் காது வேறு மாதிரிப் பழகிவிட்டது. 1931இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது நடித்தவர்களே பாடினார்கள். பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் தொண்டையைப் பழக்கிவிட்டுப் படத்துக்குப் போனவர்கள். அப்புறம் பின்னணிப் பாட்டு வந்தது. ஒருவர் அறைக்குள் பாட, இன்னொருவர் மலையடிவாரத்தில் வாயசைத்தார். அதில் எவ்வளவோ அருமையான பாட்டுகள் வந்தன, நானும் அவற்றைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் குரலும் உடம்பும் ஒரே ஆளிடம் இருக்கும் என்பதையே நாம் மறந்துபோனோம். பாடுகிறவருக்கு மூச்சு வாங்கினால் அதைக் குறை என்று நினைக்கிறோம்.

"நம்மிடம் இந்த மாதிரி எதுவும் இல்லையே." தங்கச்சி, இந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாசியில் உங்கள் தோட்டத்தில் கம்பம் ஊன்றுவதில்லையா? பக்கத்துத் தோட்டத்திலாவது? காமன் கூத்து இருக்கிறது, அருச்சுனன் தபசு இருக்கிறது, பொன்னர் சங்கர் இருக்கிறது. தபசில் அருச்சுனன் வேஷக்காரன் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். ஏறவும் வேண்டும், பாடவும் வேண்டும். நியூயோர்க்கின் பிராட்வே நாடகக்காரர்கள் கிழமைக்கு எட்டுக் காட்சி ஆடுகிறார்கள் என்று வியக்கிறோம். நம் ஆட்கள் பகல் முழுக்க மலையில் வேலை செய்துவிட்டு விடிய விடிய ஆடினார்கள்.

எங்கள் தோட்டம் நானுஓயாவுக்கு மேலே. என் பெரியப்பா ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் காமன் கூத்தில் அவர்தான் ரதி. பிறை கண்டு கம்பம் ஊன்றினால் விரதம் தொடங்கிவிடும், பெரியம்மா தனியாகத்தான் சமைத்துக் கொடுப்பார். மன்மதனும் ரதியுமாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். பௌர்ணமியன்று காமன் பொட்டலில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிந்துபோவான். அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த தப்பு மேளம் நின்றுவிடும். பெரியப்பா அழத் தொடங்குவார்.

மாசிக் குளிர் உங்களுக்குத் தெரியும். பெட்ரோமக்ஸ் வெளிச்சத்தில் ஒவ்வொரு அடிக்கும் அவர் வாயிலிருந்து புகை வரும். பாட்டு நீண்டால் புகை நீளும், அடி முடிகிற இடத்தில் அறுந்துபோகும். மூச்சைக் கண்ணால் பார்த்தவள் நான். நடுவில் தொண்டை கட்டிக்கொள்ளும். யாரும் சங்கடப்பட மாட்டார்கள். ஒருவர் இஞ்சி தட்டிப் போட்ட சாயத் தேத்தண்ணியைச் சிரட்டையில் நீட்டுவார். பெரியப்பா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லார் முன்னாலும் இரண்டு மிடறு குடித்து, காறித் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கண் மையெல்லாம் மீசை மழித்த இடம்வரை வழிந்திருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பொம்பிளையும் இருக்க மாட்டாள். என் தாய்மாமா இந்தியாவுக்குக் கப்பலேறியபோது கண் கலங்காமல் பெட்டி கட்டிக் கொடுத்தவர் அம்மா. அன்று பெரியப்பாவின் அந்தப் பாட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மன்மதன் மூன்றாம் நாள் எழுந்துவிடுவான் என்று அம்மாவுக்குத் தெரியாதா? அம்மா மன்மதனுக்காகவா அழுதார்?

இயர்போனில் உங்களுக்கு நடந்ததும் இதுதான். இல்லை என்று ஏங்குகிறீர்களே, அது உங்கள் லயத்து வாசல்வரை வந்துபோன பொருள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாயசைப்பு.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இராத்திரியில் சொந்த மூச்சில் பாடுகிறவர்களைப் பார்த்து அழுகிற ஒருத்தி, காலையில் போய்ப் பிள்ளைகளின் வாயை மூடிவிட்டுப் பென்டிரைவைச் செருகுகிறாள். உங்களுக்கே உறைக்கவில்லையா? "அவர்களுக்குப் பாட வராது" என்று ஒரு முத்திரை வேறு. யார் சொன்னது? கோயில் திருவிழாவில் பால்குடத்துக்கு முன்னால் தொண்டை கிழியப் பாடுகிறவர்கள் யார்? வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிப்பவர்கள் யார்? பாட வராது என்பதில்லை, சினிமாப் பாட்டின் உச்ச சுருதி அவர்களுக்கு எட்டாது. அது தொழில்முறைப் பாடகருக்காகப் போட்ட சுருதி. இறக்கி வையுங்கள், பாடுவார்கள்.

ஒரு பாடசாலை விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். டவுனில் வாடகைக்கு எடுத்த ஜிகினா உடுப்பு, மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள், எல்லாம் இருந்தன. மேடை நிறையப் பிள்ளைகள் வாயசைத்து ஆடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அப்படியே நின்றார்கள். கை தூக்கியது தூக்கியபடி, வாய் திறந்தது திறந்தபடி. ஓர் ஆசிரியர் ஜெனரேட்டர்காரரைத் தேடி ஓடினார், பிரதம அதிதி போனை எடுத்துப் பார்த்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும். மாதக்கணக்கில் பழகிய பாட்டு, அவ்வளவு பேருக்கும் மனப்பாடம். "பாடுங்கள் பிள்ளைகளே" என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. பாட்டு பெட்டிக்குள்ளிருந்து வருகிற சாமான் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்?

இந்த விழாவுக்குக் காமன் கூத்துப் பாட்டை, ஒரு ஹார்மோனியமும் தப்பும் வைத்து, பிள்ளைகளையே பாடவையுங்கள். எதிர்ப்பு வரும், தெரியும். அதிபர் "ஹார்மோனியமா, இந்தக் காலத்திலா?" என்பார். தப்பு என்றால் சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள், சாவு மேளம் என்பார்கள். அதற்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கிறது. அதற்கு நீங்கள் தலை குனியாதீர்கள். தப்படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, கதிரை போட்டு உட்காரவைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். ரதி வேஷம் ஆண்கள்தான் கட்டுவது வழக்கம். நீங்கள் பெண்பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரு மைக் கிடைத்தால் மேடைக்கு நடுவில் வையுங்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள். சுருதி விலகினால் விலகட்டும். மூச்சு வாங்கினால் வாங்கட்டும். பின்வரிசையில் கொழுந்து வாசம் போகாத கையோடு உட்கார்ந்திருக்கிற தாய், தன் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டாமா? அரைநாள் பேரை, அதாவது அரைநாள் கூலியை, விட்டுவிட்டு வந்திருப்பாள் அவள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் பார்த்தால் நாடகமா? 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்தார். விடிய விடிய ஆடியதை ஓர் இரவின் சிறு பகுதிக்குள் அடக்கினார். சுற்றியிருந்து பார்த்ததை முன்னாலிருந்து பார்க்கும்படி மேடைக்கு ஏற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. அதைக் கூத்து இல்லை என்று சொல்வீர்களா? பார்க்கும் திசை மாறும், அளவு மாறும். பாடுகிறவன் பாடினால் சரி.

நீங்கள் எழுதலாமா? எழுதுங்கள். ஆனால் மேசையில் எழுதி முடித்துவிட்டுப் பாட்டுக்கு ஆள் தேடாதீர்கள். விழாவுக்குப் பிள்ளைகளைப் பாடவைத்தால் எது வாயில் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுங்கள்.

பட்டியலில் இப்போதைக்கு ஒன்றுதான். சரச்சந்திரவின் சிங்கள நாடகம் 'மனமே' 1956இல் வந்தது, இன்னமும் மேடையேறுகிறது. கண்டிப் பக்கம் எங்காவது போட்டால் லீவு போட்டுவிட்டுப் போங்கள். சிங்களம் முழுக்க விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அது பின்பற்றுகிற 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவமும் நம் கூத்தும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

மீதிப் பட்டியல் விழாவுக்குப் பிறகு. பிள்ளைகள் பாடியதை யாராவது போனில் பிடித்தால் எனக்கும் அனுப்புங்கள், பதிலுக்குப் பட்டியல் வரும். பென்டிரைவில்தான் பாட்டு ஓடியது என்று கேள்விப்பட்டால் வராது.

அன்புடன்,
அக்கா