ஒன்பதாவது பந்தை என்ன செய்வது?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குச் சூரியக் குடும்ப மாடல் செய்ய ஒன்பது தெர்மாகோல் பந்து வாங்கிவிட்டோம். டீச்சர் எட்டு போதும் என்கிறார். என் மாமியார், நவக்கிரகம் ஒன்பதுதானே என்கிறார். புளூட்டோவைத் திரும்பச் சேர்க்கப்போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எது சரி?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: டீச்சர் சொன்னதுதான் சரி. மாமியாரின் கணக்கு வேறு: நவக்கிரகத்தில் சூரியன், சந்திரன், ராகு, கேது எல்லாம் உண்டு, புளூட்டோ என்றைக்குமே இல்லை.

காசிமேட்டில் பெயர் தெரியாத மீன் ஒன்று வலையில் வந்தால் ஏதோ ஒரு கூடையில் போட்டுவிடுவார்கள். அதே மீன் வலை நிறைய வர ஆரம்பித்தால் தனிக்கூடைதான். புளூட்டோவுக்கு நடந்தது இதுதான். 1930இல் கண்டுபிடித்தபோது அது ஒற்றை ஆள். 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் அதைப் போன்ற சொந்தபந்தங்கள் வரிசையாக அகப்பட்டார்கள். அவர்களில் 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸுக்குப் புளூட்டோவைவிட நிறை அதிகம். அதையும் கோள் என்பதா? 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து முடிவு செய்தது: கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையில் தானே பெரியாளாக இருந்து மற்றதை ஒதுக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்று, குறுங்கோள் ஆனது. இது புதிதும் அல்ல. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே 1801இல் கண்டுபிடித்த செரஸும் பல பத்தாண்டுகள் கோளாக இருந்து இறங்கியதுதான்.

அந்த மூன்றாவது விதியின் வாசகம் வழவழப்பானது என்பது என் கருத்து. எவ்வளவு ஒதுக்கினால் போதும் என்று அதில் இல்லை. 2024இல் மூன்று ஆய்வாளர்கள், இவ்வளவு நிறை இருந்தால்தான் கோள் என்று எண்ணால் வரையறுக்கலாம் என முன்மொழிந்தார்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்கும் அது பொருந்தும். ஆனால் அதிலும் புளூட்டோ தேறாது.

சரி, மாடலுக்கு வருவோம். பந்துகளை ஒரே அளவில் வைக்காதீர்கள். 10,000 கி.மீ.க்கு 1 செ.மீ. என்று வைத்தால் வியாழன் 14 செ.மீ. பந்து, பூமி சின்னக் கோலிக்குண்டு, புளூட்டோ ஒரு கடுகு, செரஸ் ஒரு கசகசா. கடுகைக் கம்பியில் ஒட்டி, அதன் பாதையை மற்றவற்றுக்கு 17 டிகிரி சாய்த்து, 'குறுங்கோள்' என்று சீட்டு ஒட்டுங்கள். செரஸுக்கும் அதே சீட்டு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே. சூரியன் இந்த அளவில் 1.4 மீட்டர் வரும்; பந்து தேட வேண்டாம், பின்னால் சார்ட்டில் ஒரு வளைவாக வரைந்துவிடுங்கள்.