சாமியார் வந்தால் சாவு வருமா?

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வயது 74. இனி சிகிச்சையால் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வலி தணிக்க மார்பின் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் தூத்துக்குடியில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். நோயில் பூசுதலுக்கு, அதாவது எண்ணெய் பூசி ஜெபிக்க, பங்குச் சாமியாரைக் கூப்பிடலாம் என்றேன். அம்மா ஒரே அழுகை. எங்கள் தெருவில் ஒருவருக்கு அந்தப் பூசுதலை, பழைய பேச்சில் அவஸ்தைபூசுதலை, கொடுத்த அன்று ராத்திரியே உயிர் போய்விட்டதாம். முருங்கை மரத்தில் சாக்குருவி கத்துகிறது, கெட்டதுக்குத்தான் என்று அத்தை தினமும் சொல்கிறார். சனிக்கிழமையில் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்றும் இப்போதே கவலைப்படுகிறார். தம்பி கொஞ்ச காலமாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான். மரணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, சுகமாகிவிட்டது என்று அறிக்கையிட வேண்டும் என்கிறான். மார்பின் கொடுப்பது அவிசுவாசமாம். அம்மாவோ, பழகிப்போய்விடும், வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கட்டும் என்கிறார்.

அப்பா இரவில் என்னிடம் மட்டும் கேட்கிறார், ‘நான் பிழைப்பேனாம்மா?’ என்று. ‘எல்லாம் சரியாயிடும்ப்பா’ என்கிறேன். அதற்கப்புறம் அவர் பேசுவதில்லை. இரண்டு நாள் முன்பு, இறந்துபோன பெரியப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். ‘கூப்பிட வந்துட்டான்’ என்று அத்தை அலறிவிட்டார்.

சாகப்போகிறவரிடம் ஒரு கிறிஸ்தவள் என்னதான் பேச வேண்டும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சாமியார் விஷயத்தைப் பேசிவிடுவோம். அதற்குத்தான் நாள் குறைவு.

உங்கள் அம்மாவின் பயம் தூத்துக்குடிப் பயம் மட்டும் இல்லை. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பூசுதல் வாங்கிய பிறகு ஒருவர் பிழைத்துக்கொண்டால் அவர் இறைச்சி சாப்பிடக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, கணவன் மனைவியாக வாழக் கூடாது என்று ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். பாதிச் செத்தவர் என்று கணக்கு. ஆயர்கள், அதாவது பிஷப்புகள், அதைக் கண்டித்து விதி போட வேண்டியிருந்தது. இப்படி ஒரு நம்பிக்கை இருந்தால் யார் சீக்கிரம் கூப்பிடுவார்கள்? மூச்சு இழுக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். மூச்சு இழுக்கும்போது கூப்பிட்டால் அன்று ராத்திரியே உயிர் போகத்தான் செய்யும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை இன்னும் தாமதமாகக் கூப்பிடுவார்கள். உங்கள் தெருவில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. பல நூற்றாண்டுகளாகக் கடைசிப் பூசுதல் என்றே பெயர் வைத்து, சாகும் தறுவாயில்தான் கொடுத்துவந்தோம். வேதத்தில் யாக்கோபு எழுதிய கடிதத்தைத் திறந்து பாருங்கள். ஒருவர் நோயுற்றால் சபை மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. செத்துக்கொண்டிருந்தால் என்று அதில் இல்லை. 1963இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாகச் சொல்லி, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கு முறையையே மாற்றினார். நோயில் பூசுதல் என்று நாம் இப்போது சொல்வது அதற்குப் பிறகுதான். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வாங்கலாம், வயதாகித் தளர்ந்தவர் வாங்கலாம், திரும்பவும் வாங்கலாம். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, நம் வீடுகளில் இன்னும் சாமியாரைப் பார்த்தால் எமனைப் பார்த்த மாதிரிதான் நடுங்குகிறோம்.

அம்மா ஜெபமாலை சொல்கிறவராக இருப்பார். ஒரு ஜெபமாலையில் 53 அருள்நிறை மந்திரம். ஒவ்வொன்றும் ‘எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும்’ என்றுதான் முடிகிறது. ஒரே இருப்பில் 53 தடவை தன் மரணத்தைச் சொல்லிப் பிரார்த்திக்கிற ஒரு சமூகம், வீட்டில் ஒருவர் சாகும்போது அந்த வார்த்தையை உச்சரிக்கவே பயப்படுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அம்மாவிடம் வாதாடாமல் இதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

சாக்குருவிக்கு அதிக நேரம் வேண்டாம். நோயாளி இருக்கும் வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு ஆந்தை வரும். வீட்டில் எல்லோரும் விழித்திருப்பதால் அதன் சத்தம் கேட்கும். மற்ற நாட்களிலும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது, நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். சனிக்கிழமைக்கும் பதில் இருக்கிறது. சனிப்பிணம் தனிப்போகாது என்று பாடையில் கோழிக்குஞ்சைக் கட்டிவிடும் கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஆண்டவரே ஒரு சனிக்கிழமை முழுவதும் கல்லறையில் கிடந்தவர். அவரோடு துணைக்குப் போனவன் ஒரு கள்ளன், அவனும் வெள்ளிக்கிழமையே போய்விட்டான். அத்தை சிரித்துவிட்டால் பாதி பயம் தீர்ந்தது.

தம்பி விஷயம் அவ்வளவு லேசானதில்லை. அத்தையின் ஆந்தை அப்பாவைத் தொடவில்லை. தம்பியின் போதனை அப்பாவின் வாயை அடைக்கிறது. குணமாக வேண்டும் என்று ஜெபிப்பதில் தவறே இல்லை, நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் குணமாகாவிட்டால் அது விசுவாசக் குறைவு என்று சொல்லும்போது, சாகிற மனிதர் நோயோடு குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொன்னார். எத்தனையோ பேரைக் குணமாக்கிய பவுல், கூட ஊழியம் செய்த ஒருவரை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்த ஆளுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. இறந்துபோன லாசரை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு அங்கே நின்று அழுதார். எழுந்த லாசரும் பிறகு ஒருநாள் செத்துத்தான் இருப்பார். தம்பி வேதத்தை மதிக்கிறவர் என்பதால் இவற்றை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஜெயிப்பதற்காக வாசிக்க வேண்டாம். அவருக்கும் அப்பாதான் போகப்போகிறார்.

என் தாய்மாமா ஒருவர் மணப்பாட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் ஈரல் கெட்டுப் படுத்திருந்தார். வலை வாங்கிய கணக்கில் பங்காளி ஒருவருக்கு அவர் காசு தர வேண்டியிருந்தது. எவ்வளவு என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ‘அந்த வலைக் காசு…’ என்று ஆரம்பிப்பார். ‘அத விடுங்க, எந்திரிச்சப்புறம் பேசிக்கலாம்’ என்று மாமி கஞ்சியை நீட்டுவார். கரண்டியைக் கையால் ஒதுக்கிவிட்டுத் திரும்பவும் ஆரம்பிப்பார். ‘கணக்கு பார்க்கிற நேரமா இது, ஜெபம் பண்ணுங்க’ என்பார் மூத்த மகன். கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எல்லோரும் அவர்மேல் உயிராக இருந்தவர்கள்தான். அடக்கம் முடிந்த முப்பதாம் நாளே அந்தக் காசுக்காக இரண்டு குடும்பமும் சண்டை போட்டுக்கொண்டன.

உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். அப்பாவுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தன் உடம்பு கரைவதைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா, உங்களோடு இதைப் பேசலாமா என்றுதான் சோதித்துப் பார்க்கிறார்.

அடுத்த முறை கேட்டால், ‘உங்களுக்கு எப்படித் தோணுதுப்பா?’ என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். அவர் வேறு பேச்சுக்குப் போனால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. உண்மை வேண்டும் என்று கேட்டால், ‘நோயைக் குணப்படுத்த முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா. வலி இல்லாம பார்த்துக்கலாம்னாங்க. நான் கூடவே இருக்கேன்’ என்று சொல்லலாம். குரல் உடைந்தால் உடையட்டும். ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்று உடனே சொல்லி மூடிவிடாதீர்கள். அவராகச் சொன்னால் வேறு விஷயம். வேதத்தில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். காரணம் விளக்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது.

15ஆம் நூற்றாண்டில், கொள்ளைநோய் அள்ளிக்கொண்டு போயிருந்த ஐரோப்பாவில், நன்றாகச் சாவது எப்படி என்று ஒரு சிறு கையேடு புழக்கத்தில் இருந்தது. யார் எழுதியது என்று பெயர் இல்லை. படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ள மரச்செதுக்குப் படங்கள் போட்ட பதிப்பும் வந்தது. சாகிறவருக்கு வரும் சோதனைகளாக விசுவாசம் தளர்வது, மனம் உடைவது, பொறுமை இழப்பது, தன்னைப் பற்றிய பெருமை, சொத்து சுகத்தை விட முடியாமல் பற்றிக்கொள்வது என்று ஐந்தைச் சொல்கிறது. அதைவிட, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சொல்லும் புத்தி முக்கியம்: பிழைத்துவிடுவாய் என்று வீண் நம்பிக்கை கொடுக்காதே. அப்போதே குடும்பங்கள் இப்படித்தான் இருந்திருக்கின்றன, பாருங்கள்.

அப்புறம் மார்பின். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். வலியை ஒப்புக்கொடுப்பது ஒருவர் தானாக முடிவுசெய்வது. ஒருவர் வலியை இன்னொருவர் ஒப்புக்கொடுக்க முடியாது. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களிடம் பேசியபோது, வேறு வழி இல்லையென்றால், வலியைத் தணிக்கும் மருந்தால் ஆயுள் கொஞ்சம் குறையக்கூடும் என்றாலும் கொடுக்கலாம் என்றே சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், திருத்தந்தை சொன்னார் என்றால் கேட்பார்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றியும் சொல்லுங்கள். செவிலியாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, சாகிறவர்களின் வலிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அதற்கப்புறம் மருத்துவம் படித்தவர். ஆழமான கிறிஸ்தவ விசுவாசி. வலி வந்து அலறிய பிறகு மருந்து கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, வலி வருவதற்கு முன்பே குறித்த நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டினார். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். 2005இல் அதே இல்லத்தில்தான் புற்றுநோயால் இறந்தார். தன் பணிக்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்ட வாக்கியம் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு சொன்னது: என்னோடு விழித்திருங்கள். சாவை நினைத்துக் கலங்கிய அந்த ராத்திரியில் அவர் சீடர்களிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் கேட்கவில்லை, தூங்காமல் கூட இருக்கச் சொன்னார். அதைக்கூட அவர்களால் செய்ய முடியவில்லை.

ஆகவே மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலிக்காக, சொன்ன அளவில் கொடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். மார்பினால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். பலரும் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பெரியப்பா வந்து உட்கார்ந்திருப்பது பற்றி: சாகும் தறுவாயில் இருப்பவர்கள் முன்னே போனவர்களைப் பார்ப்பதாகச் சொல்வது அடிக்கடி நடப்பது. மருந்தாலும் உடல் சோர்வாலும்கூட இருக்கலாம் என்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அப்பா பயப்படவில்லை என்றால் நீங்களும் பயப்படாதீர்கள். ‘பெரியப்பா என்ன சொல்றாங்க?’ என்று கேளுங்கள். அண்ணன் தம்பி கதை ஏதாவது வரும், நீங்கள் இதுவரை கேட்டிராததாக இருக்கும். அலறுகிறவர்களை மட்டும் கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் அனுப்புங்கள்.

கடைசி நாட்களில் சாப்பாடு குறையும். வற்புறுத்தாதீர்கள். மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்குத்தான் அது கொடுமை, பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள். அந்த நேரத்தில் யாராவது பாலோ தீர்த்தமோ வாயில் ஊற்ற வருவார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய் மூச்சுத் திணறும். தீர்த்தத்தில் பஞ்சை நனைத்து உதட்டில் தடவச் சொல்லுங்கள், அவர்கள் மனமும் நிறையும், அப்பாவின் உதடும் வறளாது. காது கேட்கிறது என்று நினைத்தே பக்கத்தில் பேசுங்கள். அடக்கச் செலவையும் பந்தல்காரரையும் பற்றிய பேச்சு வாசலில் நடக்கட்டும்.

சாமியாரைக் காலை நேரத்தில், அப்பா தெளிவாக இருக்கும்போது வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அப்பாவிடமே, ‘சாமியாரக் கூப்பிடட்டுமாப்பா?’ என்று கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் சரி என்றால் அம்மாவுக்கு அதற்கு மேல் மறுப்பு இருக்காது. சாமியார் முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்பார். அப்போது எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள், அம்மாவும் சேர்த்துத்தான். பூசுதலுக்கும், நன்மை (திருவிருந்து அப்பம்) கொடுக்கும்போதும் எல்லோரும் உள்ளே போய்ச் சுற்றி நில்லுங்கள். தம்பியையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் முறைப்படியே ஜெபிக்கட்டும், எந்தச் சாமியாரும் அதைத் தடுக்கமாட்டார்.

அன்புடன்.